வகுப்பறைச் சுவருக்கு ஏற்ற வர்ணம்: வெளிர் கிரீமும் வான நீலமும் – ஓர் ஒப்பீடு

பள்ளிக் கட்டடங்களில் மராமத்து வேலை நடைபெறும்போது கடைசியாகச் செய்யப்படுவது சுவர்களுக்கு வர்ணம் பூசுவதாகும். கடைசியில் வருவதாலேயே அதைக் குறித்து அதிகமாக ஆலோசிப்பவர் இல்லை. வர்ணக் கம்பெனி அச்சிட்ட நிற அட்டை ஒன்று தலைமை ஆசிரியரின் மேசைமீது விரிக்கப்படுகிறது. நீலம் குளிர்ச்சி தரும் என்கிறார் ஒருவர். கிரீம் நிறம் விரைவில் அழுக்கேறும் என்கிறார் மற்றொருவர். சில நிமிடங்களில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அம்முடிவின் பலனைப் பல ஆண்டுகள் அனுபவிப்போர் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் அல்லர். ஜன்னலுக்கு வெகுதூரத்தில், உட்புற மூலையில் அமர்ந்து பாடப் புத்தகத்தைப் படிக்கும் மாணவர்களே ஆவர்.

நம் நாட்டுப் பள்ளிகள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. மின்விளக்கு உள்ள பள்ளிகளிலும் மின்சாரம் தடைப்படும் வேளைகள் உண்டு. ஆகவே, ஜன்னல் வழியே வரும் ஒளியில் எவ்வளவு பாகம் மூலை மேசைவரை சென்று சேர்கிறது என்பது முக்கியமான கேள்வியாகும். அதற்கு விடையளிப்பதில் சுவரின் நிறத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வகுப்பறைகளில் மிகுதியாகக் காணப்படும் இரு நிறங்களான வெளிர் கிரீமும் வான நீலமும் இக்கட்டுரையில் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. ஒப்பிடும் முறையைத் தெரிந்துகொண்டால் வேறு எந்த இரு நிறங்களையும் அவ்வாறே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நிறங்களின் பெயர் குறித்து முதலில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு கம்பெனி ‘கிரீம்’ என்று அழைப்பதை மற்றொரு கம்பெனி வேறு பெயரால் அழைக்கும். ஒரே பெயரில் இரு வேறு நிறங்களும் விற்கப்படும். இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே, தயார்நிலை வர்ணங்களுக்கும் எனாமல்களுக்கும் உரிய நிறங்களை ஐ.எஸ். 5 என்னும் இந்தியத் தரக்குறிப்பு எண்ணிட்டுத் தந்துள்ளது. அதில் ‘ஸ்கை புளூ’ 101 என்றும் ‘பேல் கிரீம்’ 352 என்றும் குறிக்கப்பட்டுள்ளன. மதிப்பீட்டுத் தாளில் நிறத்தின் பெயரோடு அதன் எண்ணையும் எழுதுவது பிற்காலத் தகராறுகளைத் தவிர்க்கும்.

சுவர் செய்யும் வேலை

ஒரு பரப்பின்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியைப் பரப்பு விழுங்கிவிடுகிறது, எஞ்சியதைத் திருப்பியனுப்புகிறது. விழும் ஒளியை 100 பங்காகக் கொண்டால் திரும்பிவரும் பங்கு எவ்வளவோ, அதுவே அப்பரப்பின் பிரதிபலிப்பு வீதமாகும். சாதாரணமாகக் காணப்படும் பரப்புகளின் வீதங்கள் ஏறத்தாழப் பின்வருமாறு இருக்கும்:

புதிதாக வெள்ளையடித்த பரப்பு – 75 முதல் 85 சதவீதம்
வெளிர் கிரீம் – 70 முதல் 80 சதவீதம்
வெளிர் நீலம், வெளிர் பச்சை – 45 முதல் 60 சதவீதம்
பூசப்படாத செங்கற் சுவர் – 20 முதல் 30 சதவீதம்
அடர்ந்த பழுப்பு, அடர்ந்த நீலம் – 10 முதல் 20 சதவீதம்
உபயோகத்திலுள்ள கரும்பலகை – 5 முதல் 10 சதவீதம்

அறைக்குள் வரும் ஒளி ஒருமுறை பிரதிபலித்ததோடு நின்றுவிடுவதில்லை. தரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து உட்கூரைக்கும், அங்கிருந்து மீண்டும் சுவருக்கும் அது திரும்பத் திரும்பச் செல்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி குறைகிறது. 50 சதவீதம் திருப்பும் பரப்பில் மூன்று முறை பட்டுத் திரும்பிய ஒளியில் எஞ்சுவது 12.5 பங்கே, 75 சதவீதம் திருப்பும் பரப்பாயின் 42 பங்கு எஞ்சும். ஒரு பிரதிபலிப்பில் ஒன்றரை மடங்காக இருந்த வேறுபாடு, மூன்று பிரதிபலிப்புகளில் மும்மடங்குக்கும் மேலாகிவிடுகிறது.

நிற அட்டையில் மென்மையாகத் தோன்றிய நிறம், சுவர் முழுவதும் பூசியபின் அழுத்தமாகத் தோன்றுவதற்கும் இதுவே ஒரு காரணமாகும். ஒரு கிரீம் வர்ணம் மஞ்சள் ஒளியில் 80 பங்கையும் நீல ஒளியில் 60 பங்கையும் திருப்பியனுப்புகிறது என்று கொள்வோம். ஒருமுறை பிரதிபலித்தபின் இவ்விரண்டின் விகிதம் 80க்கு 60. இருமுறை பிரதிபலித்தபின் 64க்கு 36. அதாவது மஞ்சள் மேலும் மஞ்சளாகிறது. நீலச் சுவர்களுக்கும் இவ்விதியே பொருந்தும். ஆகையால் அட்டையில் விரும்பிய நிறத்தைச் சுவரிலும் காண வேண்டுமாயின், அதைவிட ஒரு படி வெளிறிய நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

கண் செய்யும் தவறு

“இரு நிறங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நீலம் சிறிதளவே மங்கலாகத் தெரிகிறது; அதனால் என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும் சாம்பல் நிறம் உண்மையில் 50 சதவீத ஒளியைத் திருப்பியனுப்புவதில்லை. ஏறத்தாழ 20 சதவீதத்தையே திருப்பியனுப்புகிறது. அமெரிக்க ஓவிய ஆசிரியரான ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிற முறையில், கறுப்புமுதல் வெள்ளைவரை உள்ள வெளிர்மை பத்துப் படிகளாகப் பகுக்கப்பட்டது. பின்னர்ச் செய்யப்பட்ட அளவீடுகளின்படி 50 சதவீதம் திருப்பும் பரப்பு அதில் ஏழரையாம் படிக்கு அருகிலும், 75 சதவீதம் திருப்பும் பரப்பு ஒன்பதாம் படிக்குச் சற்றுக் கீழேயும் அமைகின்றன. கண்ணுக்கு இவற்றின் வேறுபாடு பத்தில் ஒன்றேகால் படி அளவே. திரும்பிவரும் ஒளியிலோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எனவே நிறத்தின் அழகைக் கண் தீர்மானிக்கலாம். ஒளியின் அளவைக் கணக்கும் கருவியுமே தீர்மானிக்க வேண்டும்.

ஓர் அறை, இரு கணக்குகள்

8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரை 48 சதுர மீட்டர். உட்கூரை 48 சதுர மீட்டர். நான்கு சுவர்களும் சேர்ந்து 84 சதுர மீட்டர். மொத்தப் பரப்பு 180 சதுர மீட்டர். சுவர்களில் ஜன்னல்களுக்கு 8, கதவுக்கு 2, கரும்பலகைக்கு 4 சதுர மீட்டர் போக, வர்ணம் பூசப்படும் பரப்பு 70 சதுர மீட்டர்.

ஒவ்வொரு பரப்பையும் அதன் பிரதிபலிப்பு வீதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வெள்ளையடித்த உட்கூரையின் வீதம் 80 சதவீதம் எனின் 38.4, மேசைகளும் பெஞ்சுகளும் நிறைந்த தரையின் வீதம் 20 சதவீதம் எனின் 9.6, ஜன்னல் கண்ணாடி 10 சதவீதம் எனின் 0.8, பழுப்புக் கதவு 20 சதவீதம் எனின் 0.4, கரும்பலகை 10 சதவீதம் எனின் 0.4. இவற்றின் கூட்டுத்தொகை 49.6. இரு கணக்குகளுக்கும் இது பொதுவானது.

சுவர்கள் 75 சதவீத வீதமுள்ள கிரீம் நிறமாயின், 70 சதுர மீட்டருக்கு 52.5. மொத்தம் 102.1. இதை 180 ஆல் வகுத்தால் அறையின் சராசரி வீதம் 0.567 ஆகிறது.

சுவர்கள் 50 சதவீத வீதமுள்ள வான நீலமாயின், 70 சதுர மீட்டருக்கு 35. மொத்தம் 84.6. சராசரி வீதம் 0.47.

அறைக்குள் வரும் ஒளி எல்லாப் பரப்புகளிலும் சீராக விழுவதாகக் கொண்டால், திரும்பத் திரும்பப் பிரதிபலித்து அறையில் நிறையும் ஒளியின் அளவைக் காண ஓர் எளிய விதி உண்டு. சராசரி வீதத்தை, ஒன்றிலிருந்து அவ்வீதத்தைக் கழித்துவந்த எண்ணால் வகுக்க வேண்டும். கிரீம் அறைக்கு 0.567ஐ 0.433ஆல் வகுத்தால் 1.31, நீல அறைக்கு 0.47ஐ 0.53ஆல் வகுத்தால் 0.89. ஆகவே கிரீம் அறையில் நிறையும் பிரதிபலித்த ஒளி, நீல அறையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். உண்மையான அறையில் ஒளி இவ்வளவு சீராக விழாது. எனினும் இரு நிறங்களை ஒப்பிடுவதற்கு இக்கணக்கு போதுமானது.

மூலை மேசையில் நிகழ்வது

மேசைமீது படும் ஒளி இருவகைப்படும். ஜன்னல் வழியே வானிலிருந்து நேராக வருவது ஒன்று. பரப்புகளில் பட்டுப் பிரதிபலித்து வருவது மற்றொன்று. ஜன்னலருகே முதல்வகை மிகுதி. உட்புற மூலையிலோ வானத்தின் சிறு துண்டே தெரிவதால் இரண்டாம்வகை ஒளியே பெருந்துணையாகிறது.

எடுத்துக்காட்டாக, ஜன்னலருகே உள்ள மேசைக்கு நேர் ஒளியாக 500 லக்ஸும், மூலை மேசைக்கு 60 லக்ஸும் கிடைப்பதாகவும், நீல அறையில் பிரதிபலித்த ஒளி எங்கும் 60 லக்ஸ் இருப்பதாகவும் கொள்வோம். அப்போது நீல அறையில் ஜன்னலோர மேசைக்கு 560 லக்ஸ், மூலை மேசைக்கு 120 லக்ஸ். சுவர்களைக் கிரீம் நிறமாக மாற்றினால் பிரதிபலித்த ஒளி 89 லக்ஸ் ஆகிறது. ஜன்னலோர மேசைக்கு 589 லக்ஸ், மூலை மேசைக்கு 149 லக்ஸ். ஜன்னலோர மாணவனுக்குக் கிடைத்த லாபம் நூற்றுக்கு ஐந்து. அவன் அதை உணரவும் மாட்டான். மூலை மாணவனுக்குக் கிடைத்த லாபமோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

இதன் முக்கியத்துவத்தை அறிய ஓர் அளவுகோல் வேண்டும். கட்டடங்களின் பகலொளி குறித்த இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 2440இன் 1975ஆம் ஆண்டுப் பதிப்பு, நம் நாட்டுத் தெளிந்த வானத்தை ஆதாரமாகக் கொண்டு, வெளியே கிடைக்கும் ஒளியை 8,000 லக்ஸ் எனக் கொள்கிறது. சூரியனின் நேர்க்கதிர்கள் இதில் சேரா. வகுப்பறை மேசைகளுக்கு அந்த ஒளியில் 1.9 முதல் 3.8 சதவீதம் வரை கிடைக்க வேண்டும் என்பது பரிந்துரை. அதாவது சுமார் 150 முதல் 300 லக்ஸ். மேற்கண்ட எடுத்துக்காட்டில் நீல அறையின் மூலை மேசை இவ்வளவின் கீழெல்லைக்கு வெகுவாகக் குறைந்து நிற்கிறது. கிரீம் அறையின் மூலை மேசை அதை ஏறத்தாழத் தொட்டுவிடுகிறது. புதிய ஜன்னல் ஒன்று திறக்காமலும் கூடுதல் விளக்கு பொருத்தாமலும், வர்ணத்தின் தேர்வினால் மட்டுமே இது கைகூடுகிறது.

அடிப்பட்டையினால் ஏற்படும் நஷ்டம்

பள்ளிகளில் சுவரின் கீழ்ப்பகுதி மாணவர்களின் கை, தோள், பை ஆகியவை பட்டு அழுக்கேறும். இதை மறைப்பதற்காகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை அடர்ந்த பழுப்பு அல்லது அடர்ந்த நீலப் பட்டை தீட்டுவது பல இடங்களில் வழக்கம். இதன் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

மேற்கூறிய அறையின் சுற்றளவு 28 மீட்டர். கதவுக்கு ஒரு மீட்டர் போக, பட்டையின் பரப்பு 27 சதுர மீட்டர். அங்கே 75 சதவீதம் திருப்பும் கிரீமுக்குப் பதிலாக 15 சதவீதமே திருப்பும் பழுப்பு நிறம் வருகிறது. 27ஐ 0.60ஆல் பெருக்கினால் 16.2. அறையின் மொத்தக் கணக்கு 102.1இலிருந்து 85.9ஆகவும், சராசரி வீதம் 0.477ஆகவும் இறங்குகின்றன. சுவர் முழுவதும் நீலமாக இருந்தபோது கிடைத்த வீதம் 0.47 என்பதை நினைவுகூர்க. கிரீம் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததால் பெற்ற லாபம் முழுவதையும் ஒரு மீட்டர் உயரமுள்ள இருண்ட பட்டை விழுங்கிவிட்டது!

ஆகையால் அடிப்பட்டை இன்றியமையாததாயின், அதை அடர்நிறமாக அன்றி நடுத்தர வெளிர்நிறமாக அமைத்துக் கழுவத்தக்க வர்ணத்தால் பூசுவதே நன்று. இங்கே வான நீலமே பயன்படலாம். 27 சதுர மீட்டரில் 75க்குப் பதில் 50 சதவீதம் என்றால் குறைவது 6.75 மட்டுமே, அறையின் சராசரி வீதம் 0.53 அளவில் நிற்கும்.

உட்கூரைக்கும் இதே கவனம் தேவை. புகையும் தூசியும் படிந்து உட்கூரையின் வீதம் 80இலிருந்து 50க்கு இறங்கினால் 14.4 குறைந்துவிடும். வெயில் மிகுந்த வறண்ட பகுதிகளில் வெளி நிலத்தில் பட்ட ஒளி ஜன்னல் வழியே மேல்நோக்கி வந்து முதலில் உட்கூரையில்தான் விழுகிறது. அங்கிருந்தே அது அறையின் உட்பகுதிக்குப் பரவுகிறது. ஆகவே உட்கூரையை எப்போதும் வெள்ளையாக வைத்திருப்பது சுவரின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே முக்கியமானது.

நீலத்தின் பக்கம் உள்ள நியாயங்கள்

நீலத்தை விரும்புவோர் கூறும் காரணங்களையும் நடுநிலையோடு ஆராய வேண்டும்.

முதலாவது, நீலம் குளிர்ச்சி தரும் என்பது. நீல அறையில் அமர்ந்திருப்பவருக்குக் குளுமையான உணர்ச்சி ஏற்படக்கூடும். அது மனத்தைச் சார்ந்தது. வெப்பமானியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படுவதில்லை. வெளிச்சுவரையும் மேல்தளத்தையும் வெயில் நேராகத் தாக்குவதால் அங்கே நிறத்துக்கு மிகுந்த முக்கியத்துவம் உண்டு. வெள்ளைத் தளம் கறுத்த தளத்தைவிடக் குறைவாகவே சூடேறும். உட்சுவரிலோ வெயில் படுவது அரிது. சூடேறிய சுவர் அறைக்குள் வீசும் வெப்பக் கதிர்களைப் பொறுத்தமட்டில், கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியும் சாதாரண வர்ணங்கள் யாவும் ஏறத்தாழ ஒரேவிதமாகவே நடந்துகொள்கின்றன. அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாயின் மேல்தளத்துக்கு வெள்ளையடிப்பதே பயன்தரும் வழி.

இரண்டாவது, கிரீம் நிறத்தில் அழுக்கு விரைவில் தெரியும் என்பது. இது உண்மையே. ஆனால் நீலச் சுவரிலும் அதே அழுக்குப் படிகிறது. கண்ணுக்குத் தெரியாமற் போகிறது, அவ்வளவே. பல ஆண்டுகள் பராமரிக்கப்படாத கிரீம் சுவர், புதிதாகப் பூசிய நீலச் சுவரைவிடக் குறைந்த ஒளியையே திருப்பக்கூடும். ஆதலால் ஒழுங்காகத் தூசி தட்டவும் உரிய காலத்தில் மறுபூச்சுச் செய்யவும் வசதி உண்டா என்பதையும் நிறத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் வலுவானது. கரும்பலகையைச் சுற்றியுள்ள சுவர் மிகவும் வெளிச்சமாக இருந்தால், கண் அந்த வெளிச்சத்துக்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. பலகை மேலும் இருண்டு தோன்றுகிறது. 10 சதவீதம் திருப்பும் பலகையை 75 சதவீதம் திருப்பும் சுவர் சூழ்ந்திருந்தால், சுவர் பலகையைவிட ஏழரை மடங்கு பிரகாசமாக இருக்கும். 50 சதவீதச் சுவராயின் ஐந்து மடங்கோடு நிற்கும். எனவே பலகை உள்ள சுவருக்கு வான நீலம் பொருத்தமானதே. 6 மீட்டர் அகலமுள்ள அச்சுவர் ஒன்றை மட்டும் நீலமாக்கினால், பலகை போக 14 சதுர மீட்டரில் இழப்பு 3.5. அறையின் சராசரி வீதம் 0.567இலிருந்து 0.548ஆக மட்டுமே குறைகிறது. இது தாங்கத்தக்க விலையே.

ஜன்னல்கள் உள்ள சுவருக்கு இதற்கு மாறான நியாயம் பொருந்தும். பிரகாசமான வானத்துக்குப் பக்கத்தில் இருண்ட சுவர் இருந்தால் கண் கூசும். ஆகவே அச்சுவர் அறையிலுள்ள சுவர்களில் மிகவும் வெளிறியதாக இருத்தல் வேண்டும். பளபளப்பான எனாமலைப் பெரும்பரப்பில் பூசினாலும் ஜன்னலின் பிம்பம் சுவரில் தெரிந்து கண்ணை உறுத்தும். பளபளப்பற்ற பூச்சே வகுப்பறைக்கு ஏற்றது.

சுவரிலேயே சோதித்தல்

மேற்கூறிய கணக்குகள் வழிகாட்டிகளே. இறுதி முடிவை அந்தந்த அறையின் சுவரில் செய்யும் சோதனையைக்கொண்டு எடுக்க வேண்டும். களப்பணியாளர் பின்வரும் முறையைக் கையாளலாம்.

1. இரு வர்ணங்களையும் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரங்களாக, இரண்டு பூச்சுகள் பூசுக. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஓர் இணையும், ஜன்னல் உள்ள சுவரில் மற்றோர் இணையும் தேவை. ஒரே நிறம் இவ்விரு சுவர்களிலும் இரு நிறங்கள்போல் தோன்றுவதைக் காணலாம்.

2. இரு சதுரங்களும் ஒன்றையொன்று தொடாமல், இடையில் அகலமான வெள்ளைப் பரப்பு இருக்கட்டும். அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றிவிடும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். கறுப்புத் தாளைக் குழாயாகச் சுருட்டி, அதன் வழியே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பார்த்தால் இப்பிழை நீங்கும்.

3. பூச்சு நன்றாக உலர்ந்தபின்னரே பார்க்க வேண்டும். ஈரமான சுண்ணாம்புப் பூச்சு மங்கலாக இருக்கும், உலர்ந்தபின்னரே வெளுக்கும். ஈரத்தில் பார்த்து நிறத்தை மாற்றச் சொல்வது சாதாரணமாக நிகழும் தவறு.

4. பள்ளி தொடங்கும் வேளை, நண்பகல், பள்ளி முடியும் வேளை ஆகிய மூன்று நேரங்களிலும், இயன்றால் மேகமூட்டமான ஒரு நாளிலும் பார்க்க வேண்டும். வடக்கு நோக்கிய ஜன்னல் வழியே பெரும்பாலும் நீலவானத்தின் ஒளியே வருவதால் நீலச் சுவர் அங்கே மேலும் சோர்வாகத் தோன்றும். மேற்கு வெயில் புகும் அறையில் கிரீம் நிறம் மாலையில் மஞ்சளாகத் தோன்றும்.

5. ஒளிமானி கிடைத்தால் பிரதிபலிப்பு வீதத்தையே அளந்துவிடலாம். கருவியின் ஒளி உணரும் முகத்தைச் சுவருக்கு எதிராக, சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில், தன் நிழல் விழாதவாறு பிடித்து அளவைக் குறித்துக்கொள்க. பிறகு அதே இடத்தில் சுத்தமான வெள்ளைத் தாளைச் சதுரம் மறையுமாறு பரப்பி மீண்டும் அளக்க வேண்டும். வெள்ளைத் தாளின் வீதத்தை ஏறத்தாழ 80 எனக் கொள்ளலாம். தாளுக்கு 144, நீலத்துக்கு 90, கிரீமுக்கு 135 என அளவுகள் வந்தால், நீலத்தின் வீதம் 50 சதவீதம். கிரீமின் வீதம் 75 சதவீதம். கைப்பேசியின் ஒளி உணரியும் இத்தகைய ஒப்பீட்டுக்கு உதவும். ஆனால் அது காட்டும் லக்ஸ் எண்ணைத் துல்லியமானதென நம்பலாகாது.

சாயமும் பூச்சும்: சில எச்சரிக்கைகள்

சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. எல்லாச் சாயங்களும் அதைத் தாங்கமாட்டா. சுண்ணாம்பில் நீலம் கலக்க வேண்டுமாயின் அல்ட்ராமரின் நீலம் ஏற்றது. பிரஷ்ய நீலம் காரத்தில் சிதைந்து பழுப்பாகிவிடும். கிரீம் நிறத்துக்கு மஞ்சள் காவி ஏற்றது. அது இரும்பு சேர்ந்த இயற்கை மண்ணாதலால் காரத்தைத் தாங்கும். புதிய சிமெண்டுப் பூச்சு முற்றிலும் உலர்வதற்குமுன் டிஸ்டெம்பரோ எமல்ஷனோ பூசினால் நிறம் திட்டுத்திட்டாக மாறும், பூச்சும் உரியும்.

பழைய எனாமல் பூச்சுள்ள கட்டடங்களில் வேறோர் ஆபத்து உண்டு. முற்காலத்தில் மஞ்சள், கிரீம் முதலிய வர்ணங்களில் ஈயம் சேர்ந்த நிறமிகள் மிகுதியாகப் பயன்பட்டன. ஈயத்தூசி சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என மத்திய அரசு 2016இல் விதி வகுத்தது. அது 2017 நவம்பர் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே வாங்கும் டப்பாவில் இது குறித்த அறிவிப்பு உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. நீர் தெளித்து ஈரமாக்கியே சுரண்ட வேண்டும். வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும்வரை மாணவர்களை அறைக்குள் அனுமதிக்கலாகாது.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

ஒரே அளவுள்ள இரண்டு காலணி அட்டைப்பெட்டிகள் போதும். ஒன்றன் உட்சுவர்களில் கிரீம் தாளும் மற்றதில் நீலத் தாளும் ஒட்டுக. இரண்டின் மூடிகளுக்கும் உட்புறத்தில் வெள்ளைத் தாளும், அடியில் பழுப்புத் தாளும் ஒட்டப்படட்டும். ஒவ்வொன்றிலும் நீண்ட பக்கத்தின் ஒரு கோடியில் ஒரே அளவில் ஜன்னல் வெட்டுக. மறுகோடியில் அச்சடித்த சிறு காகிதத்தை வைத்து, அருகில் உள்ள சிறு துவாரத்தின் வழியே பார்க்கச் செய்க. ஜன்னல்கள் இரண்டும் வானத்தின் ஒரே பகுதியை நோக்கியிருத்தல் அவசியம். எந்தப் பெட்டியில் எழுத்து எளிதாகத் தெரிகிறது என்பதை மாணவர்கள் தாமே கூறுவர். அதன்பின் கிரீம் பெட்டியின் சுவர்களில் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு அடர்ந்த பழுப்புத் தாளை ஒட்டி மீண்டும் பார்க்கச் செய்தால், அடிப்பட்டையின் விளைவும் தெளிவாகும்.

சிறு பெட்டி பெரிய அறைக்குச் சமமாகுமா என்ற ஐயம் எழலாம். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாதலால், அளவுகளின் விகிதம் மாறாமல் இருக்கும்வரை பெட்டியிலும் அறையிலும் ஒளி ஒரேவிதமாகவே பரவும். கட்டடக் கலைஞர்கள் மாதிரி உருவங்களைக்கொண்டு பகலொளியை ஆராய்வது இதனாலேயே.

சுருக்கம்

வெளிர் கிரீம், வான நீலம் ஆகிய இரண்டில் அறையின் பொதுச் சுவர்களுக்கு ஏற்றது வெளிர் கிரீமே. வான நீலத்தைக் கரும்பலகைச் சுவருக்கும், தேவையாயின் கழுவத்தக்க அடிப்பட்டைக்கும் உபயோகிக்கலாம். இருண்ட அடிப்பட்டை கிரீம் நிறத்தின் லாபம் முழுவதையும் போக்கிவிடும். உட்கூரை வெள்ளையாகவும் சுத்தமாகவும் இருத்தல் வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் அறையின் வாயிலில் நின்று பார்த்து முடிவு செய்யாமல், உட்புற மூலையிலுள்ள மேசையில் அமர்ந்து, மாணவரின் புத்தகத்தைத் திறந்து படித்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வகுப்பறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து, வர்ணம் பூசப்படும் சுவர்ப்பரப்பைக் கணக்கிடுக.

2. பட்டியலிலுள்ள வீதங்களைக்கொண்டு அறையின் சராசரிப் பிரதிபலிப்பு வீதத்தை இப்போதுள்ள நிறத்துக்கும், வெளிர் கிரீம் நிறத்துக்கும் தனித்தனியே காண்க.

3. மேகமூட்டமான நாளில் காலை 10 மணிக்கு ஜன்னலோர மேசையிலும் மூலை மேசையிலும் ஒளியை அளந்து ஒப்பிடுக. அடுத்த மராமத்துக்குப் பிறகு அதே மாதத்தில், வானம் அதேபோன்று இருக்கும் நாளில், அதே நேரத்தில் மீண்டும் அளந்து, மூலை மேசையின் அளவு ஜன்னலோர மேசையின் அளவில் எத்தனை சதவீதமாக உயர்ந்துள்ளது என்பதைப் பள்ளியின் பதிவேட்டில் குறித்து வைக்கவும்.